ஏபிஐ கீ: டோக்கனாகப் பிறந்து சாவியான கதை

போன மாசம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், ஒரு ஏபிஐ கீயை அப்படியே கோடுக்குள் எழுதி கிட்ஹப்பில் ஏற்றிவிட்டான். கேட்டால், "இது வெறும் கீதானே சார், பாஸ்வேர்டு இல்லையே" என்றான். திட்ட மனசு வரவில்லை. வரலாற்றுப்படி பார்த்தால் அவன் சொன்னது பாதி சரி.

2002 ஏப்ரலில் கூகுள் தன் தேடலை வெளி நிரல்களுக்குத் திறந்துவிட்டது. பதிவு செய்தால் ஒரு லைசென்ஸ் கீ. அதை வைத்து ஒரு நாளைக்கு 1000 தேடல், இலவசம். அந்தக் கீயை யாராவது சுட்டால் என்ன போகும்? அன்றைய ஆயிரம் தேடல் போகும், அவ்வளவுதான். யார் எவ்வளவு வாங்கினார் என்று கணக்கு வைக்க உதவிய ரேஷன் கார்டு அது.

2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்தபோது அதற்கு ஏபிஐயே கிடையாது. பால் ராட்மேக்கர் என்ற புரோகிராமர் அதன் ஜாவாஸ்கிரிப்டை நோண்டிப் பார்த்து, கிரெய்க்ஸ்லிஸ்ட் வீட்டு விளம்பரங்களை வரைபடத்தின் மேல் வைத்து ஹவுசிங்மேப்ஸ் என்று ஒரு தளம் போட்டார். கூகுள் சண்டைக்குப் போகவில்லை. பிறகு அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டது! ஜூனில் முறையான ஏபிஐ வந்தது, கீயோடு. அந்தக் கீ வலைப்பக்கத்தின் சோர்ஸிலேயே எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் எந்தத் தள முகவரிக்கு வாங்கினோமோ அங்கே மட்டும்தான் அது செல்லும்.

2006 மார்ச்சில் அமேசான் எஸ்3 வந்ததும் கதை மாறியது. இங்கே காசு, வாடிக்கையாளரின் கோப்புகள் இரண்டும் சம்பந்தப்பட்டவை. அதனால் இரண்டு கீ கொடுத்தார்கள். ஒன்று, யார் என்று சொல்லும் அடையாள எண். இன்னொன்று ரகசியம். ரகசியக் கீ கோரிக்கையோடு பயணிக்காது. அதை வைத்துக் கோரிக்கைக்கு எச்மேக் முறையில் ஒரு கையொப்பம் போட்டு அனுப்புவோம்; அமேசான் தன்னிடம் உள்ள பிரதியால் அதே கணக்கைப் போட்டுச் சரிபார்க்கும். வழியில் ஒட்டுக்கேட்டாலும் ரகசியம் சிக்காது. அழகான ஏற்பாடு. ஆனால் இதற்கும் 'கீ' என்றே பெயர் வைத்தார்களே, குழப்பம் அங்கேதான் ஆரம்பம் என்பது என் கருத்து.

அந்தக் குழப்பத்தின் விலையை ஊபர் கொடுத்தது. 2014இல் அவர்கள் பொறியாளர் ஒருவர் கிட்ஹப்பில் பொதுவெளியில் போட்ட அமேசான் கீ வழியாக, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்களின் பெயரும் லைசென்ஸ் எண்ணும் வெளியே போயின. 2016இல் மறுபடியும். இந்த முறை கீ கிடந்தது தனியார் ரெப்பாசிட்டரியில். போனது 5.7 கோடி பேரின் விவரம்.

நம்ம பையன் விஷயத்துக்கு வருவோம். அவசரமாக அந்த வரியை அழித்து இன்னொரு கமிட் போட்டிருந்தான். கிட் பழைய கமிட்டை மறக்காதே! முதல் வேலையாக அந்தக் கீயை ரத்து செய்தோம். புதுக் கீயை கோடுக்கு வெளியே, என்வயர்மென்ட் வேரியபிளில் வைத்து, எங்கள் சர்வர் ஐபிக்கு மட்டும் கட்டுப்படுத்தினோம். அப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்து அந்த மாச பில்லை வரி வரியாகப் பார்த்தோம். கூடுதலாக எதுவும் ஏறியிருக்கவில்லை. டீ அவன் செலவு.