மாண்டெரே: மூடுபனியும் கணவாய்க் கருவாடும்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே சான் ஹோசேல இருந்து கிளம்பிட்டோம். நான், ரூம்மேட் ரெண்டு பேர், ஒரு டப்பா புளியோதரை. 101-ல தெற்கே போனா கில்ராய்ல பூண்டு வாசனை. அதைத் தாண்டி மாண்டெரே கடற்கரைக்கு வந்தா ஒண்ணுமே தெரியல. ஜூலை மாசம்ங்க! ஸ்வெட்டர் இல்லாம நடுங்கினதுதான் மிச்சம்.

காரணம் சிம்பிள். கோடையில் வடமேற்குக் காற்று மேல்தண்ணியைத் தள்ளிவிட, ஆழத்துல இருந்து குளிர்ந்த தண்ணி மேலே வருது. ஈரக்காற்று அதுமேல பட்டா மூடுபனி. அந்தத் தண்ணியில சத்து அதிகம், அதனால மீனும் அதிகம். மீனைத் தேடித்தான் ஆளுங்க வந்தாங்க.

எல்லாரும் போற மாதிரி நாங்களும் மீன் காட்சியகத்துக்குப் போனோம். 1916-லிருந்து 1973 வரை மத்தி மீனை டின்ல அடைச்ச ஹோவ்டன் ஆலை இருந்த இடம். 1984-ல் காட்சியகமா திறந்தாங்க. 28 அடி உயரத் தொட்டியில கடல்பாசிக் காடே ஆடுது. அசந்துட்டேன்.

வெளியே வந்து கடலோரப் பாதையில மேற்கே அஞ்சு நிமிஷம் நடந்தா ஹாப்கின்ஸ் கடல் ஆய்வு நிலையத்தோட வேலி. உள்ளே மணல்ல சீல்கள் படுத்துக் கிடக்கு. எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுக்கறாங்க. நானும் எடுத்தேன். அங்கே ஒரு ஊர் இருந்துச்சுன்னு வீட்டுக்கு வந்து படிச்சப்புறம்தான் தெரிஞ்சது.

1850-களில் சீன மீனவக் குடும்பங்கள் இங்கே குடியேறினாங்க. பகல்ல மத்த மீனவர்களோட தகராறு. அதனால ராத்திரியில படகுல தீ மூட்டி, வெளிச்சத்துக்கு மேலே வர்ற கணவாயைப் பிடிச்சாங்க. காயவெச்சு சீனாவுக்கு அனுப்பினாங்க. நம்ம ஊர் கருவாட்டுக் கணக்குதான். பக்கத்துல பசிபிக் குரோவ் ஊர் வளர வளர, நாத்தம்னு புகார். 1882-லேயே சீனத் தொழிலாளர் வரக்கூடாதுன்னு நாடே சட்டம் போட்டாச்சு. ஊர் இருந்த நிலமும் ரயில் கம்பெனியைச் சேர்ந்த நிறுவனத்தோடது. காலி பண்ணச் சொல்லிட்டே இருந்தாங்க.

1906 மே 16 ராத்திரி தீப்பிடிச்சுது. பெரும்பகுதி சாம்பல். யார் வெச்சதுன்னு கடைசிவரை நிரூபணம் ஆகல. ஆனா திரும்பக் கட்ட விடல. வேலி போட்டாங்க. சிலர் கேனரி ரோ பக்கம் மெக்கபி கடற்கரைக்குப் போனாங்க. அதே நிலத்துல 1917-ல் ஆய்வு நிலையம் வந்துச்சு. 2022-ல் பசிபிக் குரோவ் நகரசபை மன்னிப்புத் தீர்மானம் போட்டுச்சு. 116 வருஷம் கழிச்சு!

நானும் விசாவுல வந்து வாடகை வீட்டுல இருக்கறவன்தான். ஒருநாள் மீன் குழம்பு வெச்சதுக்கு மாடி வீட்டுக்காரர் வந்து முகம் சுளிச்சார். அதுவும் இதுவும் ஒண்ணில்லை, தெரியும். ஆனாலும் நாத்தம்னு ஆரம்பிச்ச பேச்சு எங்கே போய் முடிஞ்சதுன்னு படிச்சப்போ அந்த முகம்தான் ஞாபகம் வந்துச்சு.

அன்னிக்கு மீனவர் துறைமுகத்துல கலமாரி வறுவல் வாங்கி மூணு பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். அதே கணவாய்தான். நீங்க போனா, சீலைப் போட்டோ எடுத்தப்புறம் அந்த வேலியையும் ஒரு நிமிஷம் பாருங்க.