கோந்து டி-ஷர்ட்டும் புதுச்சேரி மெழுகுத் துணியும்

இந்த முறை ஒரு டி-ஷர்ட்டில் ஆரம்பித்து கிட்டத்தட்ட 300 வருடம் பின்னால் போகப் போகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

கல்லூரி விழாவுக்கு வீட்டிலேயே டி-ஷர்ட் செய்தவர்களுக்கு இந்த வழி தெரிந்திருக்கும். வெள்ளை டி-ஷர்ட்டுக்குள் ஒரு அட்டையைச் செருகி, தண்ணீரில் கரையும் கோந்தால் படம் வரைய வேண்டும். கோந்து நன்றாகக் காய்ந்ததும் மேலே துணி பெயின்ட் பூச வேண்டும். பெயின்டும் காய்ந்த பிறகு தண்ணீரில் ஊறவைத்து அலசினால் கோந்து போய்விடும். அது இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கோடாக நிற்கும். வண்ணத்தைத் தடுத்ததால் கிடைத்த படம் அது.

இதே 'தடுக்கும்' வித்தையை வைத்துத்தான் நம் சோழமண்டலக் கரை உலகத்துக்கே துணி விற்றது. இங்கே கோந்துக்குப் பதில் தேன்மெழுகு. பாட்டிமார் 'சீட்டித் துணி' என்பார்களே, அந்தச் சொல்லும் ஆங்கிலேயரின் 'சின்ட்ஸ்' என்ற சொல்லும் ஒரே வேரில் வந்தவை. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'இந்தியேன்' என்றார்கள்.

ஏன் மெழுகு? அவுரி நீலம் ஒரு விசித்திரமான சாயம். தொட்டிக்குள் கரைந்திருக்கும், காற்றுப் பட்டதும் கரையாத நீலமாக மாறிவிடும். தூரிகையால் தொட்டு வரைவது மிகவும் கடினம். அதனால் துணி முழுவதையும் தொட்டியில் முக்க வேண்டும். அப்படியென்றால் நீலம் வேண்டாத இடமெல்லாம் முதலிலேயே மூடப்பட்டிருக்க வேண்டும். கோந்து தொட்டியிலேயே கரைந்துவிடும், மெழுகு கரையாது. முக்கி எடுத்த பிறகு கொதிநீரில் போட்டால் மெழுகு உருகி வந்துவிடும்.

சிவப்புக்கு வேறு வழி. துணியை முதலில் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைப்பார்கள். பாலின் கொழுப்பு, வரையும் கோடு கசிந்து பரவாமல் தடுக்கும். பிறகு சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரால் வரைந்து, சாயவேரோடு சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைத்துப் பிடிக்கும். நம் துணி பெயின்ட் நூலின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பது. இது நூலுக்குள்ளேயே போய்விடுவது. அதனால்தான் துவைத்தாலும் போகாது.

அந்தச் சாயம்தான் ஐரோப்பாவை அசைத்தது. தங்கள் பட்டு, கம்பளி நெசவாளர்களைக் காப்பாற்ற பிரெஞ்சு அரசு 1686இல் இந்தத் துணிகளுக்குத் தடை போட்டது. தடை 1759 வரை நீடித்தது. தடை ஒரு பக்கம், ரகசியத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசை இன்னொரு பக்கம்!

1734 வாக்கில் பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு துணியைத் தன் கண்ணெதிரே வரைய வைத்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு சேர்த்தார். இதைக் கேட்டிருந்தவர் டு ஃபே. மின்சாரத்தில் இரண்டு வகை உண்டு என்று சொன்ன அதே விஞ்ஞானிதான். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்றும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1742இல் கேர்து என்ற சேசு சபைப் பாதிரியாரும் இந்தத் தொழில் தெரிந்த கிறிஸ்தவர்களிடம் விசாரித்து நீண்ட கடிதம் எழுதினார். அது ஐரோப்பாவில் அச்சாகிப் பலரும் படித்தார்கள். அவர் 1779இல் புதுச்சேரியில் இறந்தார்.

தடை நீங்கிய மறு வருடமே, 1760இல், ஓபர்காம்ப் என்பவர் பாரிசுக்கு அருகில் ழூயி என்ற ஊரில் அச்சுத்துணிப் பட்டறை தொடங்கினார். இதற்கு நம் ஊர்க் குறிப்புகள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். மார்சேய் நகரில் ஆர்மீனியர்கள் அதற்கு முன்பே துணி அச்சடித்தார்கள். ஆனால் இங்கே கையால் வாரக்கணக்கில் வரைந்ததை அங்கே அச்சுக்கட்டையும் பிறகு செப்புத்தகடும் வேகமாகச் செய்தன.

இன்னொரு வேடிக்கை. புதுச்சேரியிலிருந்து 'கினே' என்ற அவுரி நீலத் துணி ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. அங்கே அதைக் கொடுத்து வாங்கியது என்ன தெரியுமா? கோந்து! கருவேல இனத்து மரப்பிசின். அந்தக் கோந்தைத்தான் ஐரோப்பியத் துணி அச்சுப் பட்டறைகள் சாயத்தைக் கெட்டியாக்கப் பயன்படுத்தின. நம் துணி வாங்கிக் கொடுத்த கோந்து, நம் துணிக்குப் போட்டியாகவே வேலை செய்தது.

பிறகு இங்கும் இயந்திர ஆலைகள் வந்தன. 1828இல் சவானா, 1898இல் ஏ.எஃப்.டி. நெல்லித்தோப்புக்குப் பக்கத்து முதலியார்பேட்டையில் இருந்த ஏ.எஃப்.டி. ஆலையும் 2020இல் மூடப்பட்டது.

இந்தக் கதையில் பொலியே, கேர்து, டு ஃபே, ஓபர்காம்ப் என்று எத்தனை பெயர்கள் பாருங்கள். பொலியே முன்னால் உட்கார்ந்து, இரும்புக் கலத்தில் மெழுகு எடுத்து வரைந்தவரின் பெயர் மட்டும் நம் பாடப்புத்தகத்தில் இல்லை. கேட்டதும் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். தொழில்நுட்பத்தை 'கண்டுபிடித்தவர்', 'எழுதி வைத்தவர்' இருவரில் யார் பெயர் நிற்கிறது என்பதை வரலாறு படிக்கும்போது நாம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ சாயத்தொழிலும் ஆலை வேலையும் பார்த்த பெரியவர்கள் இருந்தால், அவர்கள் சொல்வதைப் பெயரோடு எழுதி வையுங்கள்.