திருவாரூர் ஆழித்தேர்: விசையும் திருப்புத்திறனும்

காவிரிக் கடைமடை நகரான திருவாரூரில், தியாகராசர் கோயிலின் பங்குனித் திருவிழாவில் ஓடும் தேர் ஆழித்தேர். அப்பர் தேவாரத்திலேயே இப்பெயர் வருகிறது. ஆகவே 7ஆம் நூற்றாண்டிலேயே இது பெயர்பெற்ற தேர். பழைய தேர் 1926இல் தீக்கிரையானது. 1930இல் புதிய தேர் ஓடியது. 1948க்குப் பின் நின்றுபோன ஓட்டம், மு. கருணாநிதி முதல்வராக இருந்த 1970இல் மீண்டும் தொடங்கியது. பின்னர் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தித் தந்தது.

பொறியியல் முதலாண்டில் விசையும் திருப்புத்திறனும் படிக்கும் டெல்டா மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. தேரின் உயரம் 96 அடி. சிற்பங்கள் நிறைந்த மரப் பீடம் மட்டும் சுமார் 30 அடி உயரம், 220 டன் எடை. அதற்கு மேலே மூங்கிலும் தேர்ச்சீலையும் கலசமும். அலங்காரம் முடிந்தால் மொத்தம் ஏறத்தாழ 300 டன். இவ்வளவு உயரம் எப்படிச் சாயாமல் நிற்கிறது? பீடத்தின் எடை அதன் நடுவில், 15 அடியில் செயல்படுவதாகக் கொள்வோம். மேற்பகுதியின் 80 டன் 63 அடியில். தரையிலிருந்து திருப்புத்திறன்களைக் கூட்டினால் 3300, 5040, ஆக 8340 டன்-அடி. அதை 300ஆல் வகுத்தால் ஈர்ப்பு மையம் சுமார் 28 அடியில், பீடத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பீடத்தின் அடியில்தான் கனம் அதிகம் என்பதால் உண்மையில் இன்னும் கீழே இருக்கும். தேர் சாயும்போது இம்மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு சக்கரத்தைத் தாண்டாதவரை கவிழாது. கனத்தைக் கீழே வைத்து, உயரத்துக்கு மூங்கிலைத் தேர்ந்த தச்சரின் அறிவு அபாரமானது.

நிற்கும் தேரை அசைப்பதுதான் கடினம். உருளத் தொடங்கினால் தேவைப்படும் விசை குறைந்துவிடும். அதனால் வடம் பிடிப்போர் முன்னால் இழுக்க, பின்னாலிருந்து நெம்புவது தேரோட்டத்தில் பழைய வழக்கம். இப்போது திருவாரூரில் புல்டோசர்களும் தள்ளுகின்றன. நெம்புதடி நீளமாக நீளமாக, அதே கைவலு பெரிய திருப்புத்திறனைத் தரும்.

முட்டுக்கட்டை போடுவோரின் வேலை இதனினும் நுட்பமானது. இடப்பக்கச் சக்கரத்தின் கீழ் கட்டையைச் செருகினால் அந்தப் பக்கம் தடைபடும். வடமோ நடுவில் இழுக்கும். இரண்டு விசைகளும் எதிரெதிராக, வெவ்வேறு கோடுகளில் செயல்படுவதால் தேர் இடப்பக்கம் திரும்பும். சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்போதே, கட்டையைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நடந்து, சரியான நொடியில் செருக வேண்டும். பிரேக் வந்த பிறகும் இந்த ஆட்கள் தேரோடு நடக்கிறார்கள்.