கடவுளைக் கண்டதுண்டோ?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே கல்கத்தா நகரத்தார் கடவுளைப் பற்றிப் பேசிய அளவுக்கு வேறெந்த நகரத்தாரும் பேசியிருப்பரோ என்பது ஐயமே. ராஜாராம் மோகன் ராயர் 1828 இல் தொடக்கிய பிரம சமாஜம் அதற்குள் வளர்ந்தும் பிளந்தும் பல கிளைகளாகியிருந்தது. ஸ்கொத்லாந்து மிஷனைச் சேர்ந்த அலெக்சாந்தர் டவ் பாதிரியார் 1830 இல் நிறுவிய கலாசாலையிலே வேதாகமமும் மேனாட்டுத் தத்துவமும் போதிக்கப்பட்டன. கடவுள் உருவினரா அருவினரா, விக்கிரக வழிபாடு தகுமா தகாதா என்று வாதம் ஓயாது நடந்தது. இத்துணைப் பேச்சின் நடுவே, இவற்றிலெல்லாம் எளியதும் கேட்கப் பலரும் கூசுவதுமான ஒரு வினாவை ஓர் இளைஞன் கையிலெடுத்துக்கொண்டு பெரியோர் வாயில் தோறும் சென்றான். "ஐயா, தாங்கள் கடவுளைக் கண்டதுண்டோ?" என்பதே அவ்வினா.

அவ்விளைஞன் 1863 ஆம் ஆண்டு சனவரி 12 ஆம் திகதி பிறந்த நரேந்திரநாத தத்தன். பின்னாளில் உலகறிந்த விவேகானந்த சுவாமிகள். தந்தையார் விசுவநாதர் கல்கத்தா உயர் நீதிமன்றத்திலே சட்டத் தொழில் புரிந்து செல்வாக்கோடு வாழ்ந்தவர். நரேந்திரன் ஹேர்பேட் ஸ்பென்சரைக் கற்று, அவர் கல்வி பற்றி எழுதிய நூலை வங்காளியில் மொழிபெயர்த்தவன். பிரம சமாஜத்திலே சேர்ந்து கீதங்கள் பாடியவன். கடவுள் உண்டென்பதற்கும் இல்லையென்பதற்கும் அவன் அறியாத நியாயம் இல்லை. ஆயின் அந்த நியாயங்களெல்லாம் கூடி அவன் பசியை ஆற்றவில்லை. மகரிஷி எனப் போற்றப்பட்ட தேவேந்திரநாத தாகூர் கங்கையிலே படகொன்றில் தங்கியிருந்தபோது, அவரிடஞ் சென்று தன் வினாவைக் கேட்டான். அப்பெரியார், உனக்கு யோகியின் கண்கள் அமைந்துள்ளன என்று ஆசி கூறினார். அது நல்ல வார்த்தைதான். ஆனால் கேட்ட வினாவுக்கு விடையன்று.

மிஷன் பாடசாலையிலே பயின்ற என் போன்றார்க்குச் சுவை தரும் செய்தியொன்று இவ்விடத்திலே உண்டு. நரேந்திரனுக்கு வழிகாட்டிய வார்த்தை பிறந்தது ஒரு கிறிஸ்தவக் கலாசாலையின் வகுப்பறையிலேயே. டவ் பாதிரியார் நிறுவிய அக்கலாசாலையின் அதிபர் வில்லியம் ஹேஸ்ரி, வேட்ஸ்வேர்த்தின் கவிதையொன்றை விளக்கும்போது, புலவர் இயற்கையைக் கண்டு தம்மை மறந்த நிலையை எடுத்துரைத்து, அத்தகைய நிலை எய்தியவரைக் காண விரும்பின் தட்சிணேசுவரத்திலுள்ள இராமகிருஷ்ணரைச் சென்று காணுங்கள் என்றாராம். பாதிரியார் ஒருவர் தம் மாணாக்கரைக் காளி கோயிற் பூசகரிடத்து அனுப்பினார் என்றால் அவருடைய நேர்மையை நாம் மெச்சாதிருத்தல் தகாது.

ராணி ராஸ்மணி என்னும் அம்மையார் கட்டுவித்து 1855 இல் குடமுழுக்குச் செய்வித்த கோயில் அது. ஆங்கே வாழ்ந்த இராமகிருஷ்ணர் 1836 இல் கமார்புகூர் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். பள்ளிக்கல்வி மிகச் சிறிதே உடையவர். 1881 ஆம் ஆண்டின் இறுதியளவில் நரேந்திரன் அவரைக் கண்டான். நெடுநாட் பிரிந்த மகனைக் கண்டவர்போல அவர் அழுததையும் பேசியதையும் பார்த்து, இவருக்குச் சித்தப்பிரமையோ என்று அவன் ஐயுற்றான். ஆயினும் தன் வினாவைக் கேட்டான். ஆம், கண்டிருக்கின்றேன், உன்னை இங்கே காண்பதினும் தெளிவாகக் காண்கின்றேன் என்ற கருத்துப்பட விடை உடனே வந்தது. அதிலே சாஸ்திரப் பிரமாணமும் இல்லை, தர்க்கமும் இல்லை. கடலைக் கண்டவனிடம் கடலைக் கண்டாயா என்று கேட்டால் அவன் எப்படிச் சொல்வானோ அப்படிச் சொன்னார்.

அவ்விடையைக் கேட்ட அன்றே நரேந்திரன் அடியவனாகிவிட்டான் என்று சிலர் எழுதுவது சரித்திரமாகாது. அவன் போனான், வந்தான், சோதித்தான். பணத்தைத் தீண்டமாட்டார் என்பது மெய்தானா என அறிய அவருடைய படுக்கையின் கீழ் ரூபா நாணயம் ஒன்றை மறைத்து வைத்தும் பார்த்தான். குருவும் சினங்கொண்டாரில்லை, பணம் மாற்றுவோன் காசைத் தட்டிப் பார்ப்பதுபோலத் தம்மையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பஞ்சாங்கத்திலே மழை இத்தனை மரக்கால் என்று எழுதியிருக்கும், பஞ்சாங்கத்தைப் பிழிந்தால் ஒரு துளியும் வராது என்று அவர் கூறுவதுண்டு. படித்த அவ்விளைஞனுக்கு இதனினும் பொருத்தமான மருந்து வேறில்லை.

இந்த மருந்து நமக்கும் வேண்டியதே. சைவநெறிப் பாடத்திலும் இந்து நாகரிகத்திலும் உயர்ந்த புள்ளி பெற்றோர் எம்மிடையே எத்தனையோ பேர். முப்பொருள் இலக்கணம் கேட்டால் ஒப்பிப்போம். நால்வர் காலத்தை நூற்றாண்டுக் கணக்கிற் சொல்வோம். ஆனால் அருணந்தி சிவாசாரியார் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே, சிவஞான சித்தியாரில், வேத சாத்திரங்களைக் கற்பதால் வரும் அறிவைப் பாசஞானம் என்ற வரிசையில் வைத்துவிட்டார். பசுஞானமும் கடந்து, பதிஞானத்தாலேயே இறைவன் அறியப்படுவான் என்பது அவர் முடிபு. அப்படியாயின், நானே பிரமம் என்னும் வேதாந்திகளின் கொள்கை பசுஞானமன்றோ என்று சித்தாந்தம் கற்ற முதியோர் யாரேனும் இதை வாசித்து முணுமுணுக்கக்கூடும். அந்த வழக்கு பெரியது. ஓர் இளைஞனின் கட்டுரைக்குள் அடங்காது. நூலறிவு வேறு, இறையறிவு வேறு என்பதில் இரு திறத்தார்க்கும் பிணக்கில்லை என்பதே இங்கு எமக்கு வேண்டியது.

நரேந்திரனுக்கு உண்மையான சோதனை வாதத்தால் வரவில்லை, வறுமையால் வந்தது. 1884 இல் தந்தையார் திடீரென இறந்தார். கடன்காரர் வாயிலில் நின்றனர். உறவினர் வழக்குத் தொடுத்தனர். வெறுங்காலோடு வேலை தேடி அலைந்த அவன், வீட்டில் மற்றவர்க்கு உணவு போதாதென்று தான் உண்டதாகச் சொல்லிப் பட்டினி கிடந்த நாட்களும் உண்டு. கடவுள் நல்லவராயின் இது ஏன் என்று வெளிப்படையாகவே கேட்டான். குருவிடம் சென்று, என் குடும்பத்துக்காகத் தேவியிடம் சொல்லுங்கள் என்று மன்றாடினான். நீயே போய்க் கேள் என்று அவர் அனுப்பினார். அன்றிரவு மும்முறை சந்நிதிக்குள் சென்றான். மும்முறையும் பணம் கேட்க வாய் வரவில்லை. ஞானத்தையும் பத்தியையும் விவேகத்தையும் வைராக்கியத்தையுமே கேட்டுத் திரும்பினான். அந்தக் காளியை முன்பு வெறுஞ் சிலை என்று இகழ்ந்தவனும் அவனே. வீட்டிலே தாயும் தம்பியரும் பசித்திருக்க ஒருவன் இப்படிக் கேட்டது முறைதானா என்ற எண்ணம் எனக்கு எழாமலில்லை. வெறும் கல் என்று தோன்றியிருப்பின் தயங்காமற் பணத்தையே கேட்டிருப்பான் என்று மட்டும் சொல்வேன். அவர்களுக்கு உணவுக்கும் உடைக்கும் குறைவிராது என்ற வாக்கைப் பின்னர் குருவிடமிருந்தே பெற்றான்.

1886 ஆகஸ்ட் 16 ஆம் திகதி இராமகிருஷ்ணர் மறைந்தார். 1893 இல் சிக்காகோ. அதனை யாவரும் அறிவர், விரிக்க வேண்டுவதில்லை. மேனாட்டிலிருந்து திரும்பியபோது சுவாமிகள் முதன்முதல் அடிவைத்த கீழைத் தேசம் நமது இலங்கையே. 1897 சனவரி 15 இல் கொழும்பில் இறங்கி, கண்டி, அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் அடைந்து, இந்துக் கல்லூரியிலே வேதாந்தம் பற்றிச் சொற்பொழிவாற்றினார்.

அன்று கேட்டோருள் இருபத்தைந்து வயதை எட்டாத ஓர் இளைஞரும் இருந்தார் என்பர். மாவிட்டபுரத்தில் 1872 இல் பிறந்து, கத்தோலிக்க மிஷன் பாடசாலையிற் பயின்று, கிளிநொச்சி நீர்ப்பாசன வேலைத்தலத்திலே பண்டசாலைக் காப்பாளராய் இருந்த அவரே பின்னர் யோகர் சுவாமிகள் ஆனார். ஏறக்குறைய 1905 இல் நல்லூர்த் தேரடியில் அவர் செல்லப்பா சுவாமிகளை எதிர்ப்பட்ட செய்தியை நம் ஊரில் அறியாதார் இல்லை. கல்கத்தாவிலே இளைஞன் ஞானியைக் கேட்டான். நல்லூரிலோ, ஊரார் பித்தரென ஒதுக்கிய ஞானி இளைஞரை மறித்து, நீ யார் என்று அதட்டிக் கேட்டார். யோகர் தம் உத்தியோகத்தை விட்டு அத்தேரடிக்கே வந்து சேர்ந்தார். 1964 மார்ச்சு மாதம் அவர் சமாதியடையும் வரை, கொழும்புத்துறையிலே அவர் இருந்த சிறு கொட்டிலின் வாயிலில் பட்டம் பெற்றோரும் பண்டிதரும் வண்டில்காரரும் ஒருங்கே காத்திருந்தனர்.