ஐப்பசி மழையும் தறிக்காரர் கணக்கும்

ராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டி, சேத்தூர், தளவாய்புரம் பக்கம் நெசவு பழைய தொழில். கைத்தறிக்காரருக்கு வெயில் பகையில்லை. வேறு பிழைப்பைத் தேட வைத்தது மழை. விருதுநகர் மாவட்டத்தின் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் கொட்டும்.

நீளவாட்டு இழைகளான பாவைத் தறியில் ஏற்றும் முன் நூலுக்குக் கஞ்சி போட வேண்டும். விடியலில் தெரு நீளத்துக்கு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இரு பக்கமும் ஆள் நின்று பெரிய பிரஷ்ஷால் நீவுவார்கள். இழை இழையாகப் பிரிந்து காய்ந்தால்தான் பாவு. நடுவில் தூறல் விழுந்துவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். குழித்தறியின் பாடு இன்னும் மோசம். அளவான ஈரம் பருத்தி நூலுக்கு நல்லதுதான். ஆனால் அடைமழையில் குழிக்குள் தண்ணீர் ஊறி மிதிப்பலகை நனைந்துவிட்டால் தறி நின்றுவிடும். நெய்த கெஜத்துக்குத்தான் கூலி என்பதால் அடுப்பும் கூடவே நிற்கும்.

1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். மழைக்கு நிற்காத வேலை ஊருக்குப் பக்கத்திலேயே வந்தது. வேடிக்கை என்னவென்றால், தறிக்காரரை விரட்டிய அதே ஈரத்தை, நூல் அறாமலிருக்க நூற்பாலைகள் செலவு செய்து உள்ளே உண்டாக்குகின்றன.

ஆனால் நினைத்தவுடன் கிளம்பிவிட முடியாது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் காலைக் கட்டும். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் இதைப் ‘பாக்கி’ என்பார்கள். புது முதலாளி பழைய பாக்கியை அடைத்து ஆளைக் கூட்டிப் போவதும் உண்டு. தீபாவளி போனஸை விட்டுவிட்டுப் புரட்டாசியில் வெளியேற யாருக்கு மனம் வரும்? ஆலைத் தொழிலாளிக்குச் சட்டமும் இதே திசையைக் காட்டியது. 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம், பின்னால் வந்த திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 8.33 சதவீதம் என்றும், கணக்காண்டு முடிந்து 8 மாதத்துக்குள் தர வேண்டும் என்றும் வைத்தது. மார்ச்சில் கணக்கு முடிக்கும் ஆலைக்குக் கெடு நவம்பர் இறுதி. கை நிறைந்த பிறகுதான் ஆள் நகர்வார்.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. முன்பு வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பண்ணையாட்கள் நவம்பர் 11-ஐ ஒட்டிய மார்ட்டின்மஸ் நாளில் கூலியை வாங்கிக்கொண்டு, ஆள் பிடிக்கும் சந்தையில் போய் நிற்பார்கள். அடுத்த தவணைக்கு எந்தப் பண்ணை என்று அங்கேதான் முடிவாகும்.

சிவகாசியில் பருவம் வேறு விதமாக வேலை செய்தது. 1920-களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். மழை குறைந்த பூமி அந்தத் தொழிலுக்கு ஏற்றதாக அமைந்தது. பின்னால் வந்த பட்டாசு ஆலைகளோ தீபாவளியோடு மூடினால் மீண்டும் திறக்கச் சில வாரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் வேறு வேலை பார்த்தாக வேண்டும்.

அப்புறம் மார்கழி. கல்யாணமும் வைக்காத, புதுவீடும் புகாத மாதம். வேலை மாற யோசிப்பதற்குத் தடையில்லை, தை பிறந்து பொங்கல் கழிந்ததும் திருப்பூர் பஸ் ஏறலாம்.

இப்போது கஞ்சி போடுவது ஆலைக்குள் மெஷினில் நடக்கிறது. விசைத்தறிக்குக் குழியும் தேவையில்லை. ஆனால் சத்திரப்பட்டிப் பக்கம் வெளுத்த பேண்டேஜ் துணி இன்னும் திறந்தவெளியில் காய்கிறது. வெயில் வராத நாட்களில் அங்கே வேலை மந்தம்தான்.