ஊரியின் குரலும் மீன்மகளின் பாட்டும்

மட்டக்களப்பு நகரையும் கல்லடியையும் இணைக்கும் பழைய இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டில் அமைந்தது. அக்காலத்து ஆளுநர் மானிங்கின் துணைவியார் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. மாலை வேளையிற் காற்று வாங்க மக்கள் கூடும் இடம் அது. ஆயின், நிலவு காலும் நள்ளிரவில் அப்பாலத்தடியை நாடுவோர் காற்றுக்காகச் செல்வதில்லை. வாவியின் அடியிலிருந்து எழும் ஓர் ஓசையைக் கேட்கவே செல்வர்.

தோணியை அசையாது நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையிற் செவியை வைத்துக் கேட்பது அங்குள்ள வழக்கம். ஆளரவமற்ற நீர்ப்பரப்பின் கீழிருந்து யாரோ மெல்ல இசைப்பது போன்ற ஒலி செவியிற் படும்போது, முதன்முறை கேட்போர்க்கு மெய் சிலிர்க்கும். பாடுவது மீன் என்பர் சிலர். பாதி பெண்ணும் பாதி மீனுமான மீன்மகளே என்பர் வேறு சிலர். இந்நம்பிக்கையை ஒட்டியே 'மீன் பாடும் தேன்நாடு' என்னும் சிறப்புப் பெயர் அந்நாட்டுக்கு நிலைத்தது. மீன்மகளின் உருவமும் நகரின் அடையாளமாயிற்று.

இவ்வோசையைப் பற்றி விரிவாக எழுதிவைத்தவர்களுள் ஒருவர் சேர் எமர்சன் தெனன்ற். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த அவர், 1848ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்து, நிலவொளியில் தோணியேறிச் சென்று அதனைக் கேட்டார். ஈர விரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது பிறக்கும் நாதத்துக்கு அதனை ஒப்பிட்டார். அது ஒரே ஒலியன்று. மெல்லியனவும் கனத்தனவுமாகிய பல சிற்றொலிகளின் சேர்க்கை என்றும், தோணியின் மரத்திற் காதை வைத்தபோது ஓசை மிகுந்தது என்றும் குறித்தார். 1859இல் வெளிவந்த அவரது நூலில் இச்செய்திகள் உள.

அந்நூலிற் கருதத்தக்க மற்றொன்றும் உண்டு. ஒலிப்பது யாதென அவர் வினவியபோது, மீனவர் மீனையோ மீன்மகளையோ சுட்டவில்லை; நீரடியிற் கிடக்கும் ஊரியையே சுட்டினர். அவர்கள் கூறியதை அவர் தம் காதிற் பட்டவாறு ஆங்கில எழுத்தில் எழுதிவைத்தார். 'ஊரி குளறுகிறது' என்பதே அதுவென்று ஈழத்தமிழை அறிந்தோர்க்குத் தோன்றும். குளறுதலாவது வாய்விட்டு அழுதல். உலாவச் சென்றோர்க்குப் பாட்டாகப்பட்ட அதே ஓசை, இரவிரவாக வாவியில் உழைத்தவர்க்கு அழுகையாகப் பட்டது போலும்!

மீனவர் அதன் பருவத்தையும் அறிந்திருந்தனர். கோடையில் வாவி தெளிந்திருக்கும்போது ஓசை எழும். மழைவெள்ளம் வந்து கலந்தால் அடங்கிவிடும். வெறும் மருட்சியாயின் மழைக்கு அடங்குவானேன்? உயிருள்ள ஏதோவொன்றே ஒலிக்கிறது என எண்ண இவ்வவதானம் இடந்தருகிறது. காற்றுப்பையை அதிரச்செய்து ஒலியெழுப்பும் மீன்கள் உலகிற் பல உண்டு என்பதும் உண்மையே. எனினும், இவ்வாவியில் ஒலிப்பது இன்ன உயிரே என்று விஞ்ஞானம் இன்னும் ஐயமற நிறுவவில்லை.

1950களில் புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த அமெரிக்க இயேசுசபைக் குருவான லாங் அடிகளார் இவ்வோசையைப் பதிவுசெய்தார். இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பியது. தோணியேறாதோரும் வீட்டிலிருந்தவாறே வாவியின் குரலைக் கேட்டனர்.

பின்னர் 1983 முதல் 2009 வரை நீடித்த போர் மக்களை இரவு வாவியினின்றும் விலக்கியது. நிலவில் தோணி விட்டுச் செவி சாய்க்க அஞ்சிய காலம் அது. போர் ஓய்ந்தபின் 2013இல் பழைய பாலத்தின் அருகே புதிய பாலம் எழுந்தது. வாகன இரைச்சலும் உடன் வந்தது.

ஆராய்ச்சி வளர்ந்தால் இத்தகைய நம்பிக்கைகள் அழிந்துவிடும் எனச் சிலர் அஞ்சுவர். மட்டக்களப்பின் வரலாறு வேறொன்றை உணர்த்துகிறது. தெனன்றின் ஆராய்ச்சி மீன்மகளைத் துரத்தவில்லை. லாங் அடிகளாரின் ஒலிப்பதிவும் துரத்தவில்லை. ஊரியாயினும் மீனாயினும் அதன் குரல் மிக மெல்லியது. அதற்கு வேண்டுவது தெளிந்த நீரும், அமைதியான இரவும், கேட்கப் பொறுமையுள்ள செவியுமே. இவை இல்லாதொழியின், அழுகையா பாட்டா என்று வாதிட ஓசையே இராது.