ரப்பர் விசை மாதிரி விமானம்: சமநிலையும் முதற்பறப்பும்

ரப்பர் விசை மாதிரி விமானம் என்பது முறுக்கிய ரப்பர் இழைகளில் சேரும் ஆற்றலால் சுழல்விசிறியை இயக்கிப் பறக்கும் சிறு விமானம் ஆகும். இன்று விளையாட்டுப் பொருளாகக் கருதப்படும் இது, ரைட் சகோதரர்களின் விமானத்திற்கு 32 ஆண்டுகள் முன்பே பறந்தது.

பின்னணி

இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி 1804-இல் செய்த மிதவை விமான மாதிரியில் எடையை முன்பின்னாக நகர்த்திச் சமநிலையைச் சரிசெய்ய முடிந்தது. ஆனால் அதற்கு உந்துவிசை இல்லை. இலேசான விசைப்பொறி கிடைக்காததே அக்காலத்துப் பெருந்தடையாக இருந்தது.

பெனோவின் விமானம்

பிரான்சு நாட்டின் அல்போன்சு பெனோ 1850-இல் பிறந்தார். இடுப்பு நோயால் கடற்படையில் சேர இயலாத அவர் வானூர்தி ஆய்வில் இறங்கினார். முறுக்கிய ரப்பரே எளிய விசைப்பொறி எனக் கண்டு, 1870-இல் ஒரு சிறிய உலங்கு வானூர்தியைச் செய்தார். அடுத்து அவர் செய்த விமானத்தின் இறக்கை அகலம் 45 செ.மீ., மொத்த எடை 16 கிராம். அதில் ரப்பர் மட்டும் 5 கிராம். சுழல்விசிறி பின்முனையில் இருந்தது.

1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிஸ் நகரின் துயிலரி பூங்காவில், வான்பயணக் கழக உறுப்பினர்கள் முன்னிலையில் அது 11 நொடிகளில் சுமார் 40 மீட்டர் பறந்தது.

சமநிலையின் இரகசியம்

இவ்வெற்றிக்கு ரப்பரைவிட வால் சிறகே முதன்மைக் காரணம். பெனோ அதை இறக்கையைவிடச் சற்றுக் கீழ்நோக்கிய கோணத்தில் பொருத்தினார். மூக்கு தாழ்ந்தால் வேகம் கூடும். அப்போது காற்று வாலைக் கீழே அழுத்த, மூக்கு மீண்டும் நிமிரும். மேல்நோக்கி வளைந்த இறக்கை நுனிகள் பக்கவாட்டுச் சாய்வைத் திருத்தின. இதனால் ஓட்டுநர் இன்றியே விமானம் நிலை குலையாமல் பறந்தது.

பறக்கவிடும் முறை

இன்றும் முறை பெரிதும் மாறவில்லை. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தொலைவில், இருபுறமும் விரல் நுனிகளால் தாங்கிப் பார்க்க வேண்டும். விமானம் கிடைமட்டமாக நின்றால் எடை சரி. பின்னர் ரப்பரை முறுக்காமல், புல்வெளியின் மேல் மெல்ல விட வேண்டும். மூக்கு நிமிர்ந்து தடுமாறினால் மூக்கில் சிறிது களிமண் ஒட்ட வேண்டும். தலைகுப்புற விழுந்தால் இறக்கையை முன்னே நகர்த்த வேண்டும். சீராக மிதந்த பிறகே சில சுற்றுகள் முறுக்கி, படிப்படியாகக் கூட்ட வேண்டும். முதற்பறப்புக்குக் காற்று அடங்கியிருக்க வேண்டும். கடலூர், சிதம்பரம் போன்ற கடலோரப் பகுதிகளில் கோடைகாலத்தில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுவதால் அதிகாலையே ஏற்ற நேரம்.

பிற்கால விளைவு

1876-இல் பெனோ, போல் கோஷோவுடன் சேர்ந்து, நிலத்திலும் நீரிலும் இறங்கக்கூடிய முழு அளவு விமானத்திற்குக் காப்புரிமை பெற்றார். அதைக் கட்டப் பொருளுதவி கிடைக்கவில்லை. மனமுடைந்த அவர் 1880-இல், 30 வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1878-இல், அமெரிக்காவில் மில்டன் ரைட் தம் மகன்களுக்கு ஒரு பொம்மை வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம் ஆகியவற்றால் ஆன அது, பெனோவின் ரப்பர் உலங்கு வானூர்தியை ஒத்தது. அப்போது வில்பருக்கு 11 வயது, ஓர்வில்லுக்கு 7. பறத்தலில் தங்கள் ஆர்வம் அந்தப் பொம்மையிலிருந்தே தொடங்கியது என்று அவர்கள் பின்னாளில் குறிப்பிட்டனர்.